பினாங்கில் கூரை ஒழுகும் வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெலுத்தோங் வரிசை வீடானாலும் பட்டர்வொர்த் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடானாலும், கூரை ஒழுகத் தொடங்கினால் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கூரை வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரியாமலே அடைக்கப் போகிறார்கள், அடுத்த மழைக்கு மறுபடி ஒழுகுகிறது, மறுபடி செலவு. வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். வழியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலைக்கு மேல் முடிந்த மாதிரி. அதனால் இந்தப் பதில்களிலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போதே சொட்டுகிறது, மழையும் நிற்கவில்லை. முதலில் என்ன செய்வது?

முதலில் மின்சாரம். விளக்கு, விசிறி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் இறங்கினால் அந்தப் பகுதியின் சுவிட்சை மெயின் பெட்டியில் இறக்கிவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். வாளி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பிளாஸ்டர் சீலிங் உப்பித் தொங்கினால் அதன் மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். ஜிப்சம் பலகை ஊறினால் பலம் போய்விடும், பலகை முழுவதும் ஒரேயடியாக விழலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகு, உப்பிய இடத்தின் நடுவில் ஸ்குரூ டிரைவரால் ஒரு துளை போட்டு வாளியில் வடியவிடுங்கள். நேர் கீழே நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்று செய்யுங்கள்.

மழையில் கூரை மேல் ஏறவே ஏறாதீர்கள். பாசி பிடித்த ஓடு நனைந்தால் கால் நிற்காது. வெளியே போய் நின்று வேறு ஒன்றைப் பாருங்கள்: காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, கட்டரிலிருந்து (கூரை ஓரத்துத் தண்ணீர் வடியும் தொட்டியிலிருந்து) தண்ணீர் வழிகிறதா, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் உள்ளே சொட்ட ஆரம்பித்தது. இந்த மூன்றையும் கைப்பேசியில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். மறுநாள் வெயிலில் வந்து பார்க்கிறவருக்கு இதைவிட உதவியான தகவல் கிடையாது.

சீலிங்கில் மஞ்சள் கறை விழுந்திருக்கிறது. அதற்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஓட்டின் இடுக்கில் நுழையும் தண்ணீர் அடியில் விரித்திருக்கும் அலுமினியத் தாளில் விழுந்து சாய்வோடு கீழே ஓடும். தாள் கிழிந்த இடத்தில், அல்லது ஓர் ஆணி துளைத்த இடத்தில், கூரைச் சட்டத்துக்கு மாறும். சட்டத்தின் அடிப்பக்கத்தை ஒட்டியே வழிந்து, இன்னொரு சட்டம் குறுக்கே வரும் இடத்தில் சொட்டும். அங்கிருந்து சீலிங் பலகையின் மேல் பரவி, பலகை இணையும் கோட்டில்தான் கீழே கறையாகத் தெரியும். தண்ணீர் நுழைந்த இடம் கறையிலிருந்து பல அடி மேலே, சில நேரம் அடுத்த அறையின் மேலே, வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக் கூரையிலேகூட இருக்கலாம்.

நல்ல வெயில் நேரத்தில் சீலிங் கதவைத் திறந்து மேலே பாருங்கள். டார்ச் விளக்கை உடனே போடாமல் கண் இருட்டுக்குப் பழகும்வரை கொஞ்சம் பொறுங்கள். வெளிச்சப் புள்ளிகள் தெரியும். தாள் விரிக்காத பழைய ஓட்டுக் கூரையில் ஓடுகள் சேரும் இடமெல்லாம் கொஞ்சம் வெளிச்சம் வரும், அதெல்லாம் ஒழுகலாகிவிடாது. இப்போது டார்ச்சைப் போட்டு மரத்தைப் பாருங்கள். ஈரம் காய்ந்த கருத்த தடம், ஆணியின் கீழே வழிந்த துருக்கோடு, தாளின் மேல் வரிவரியாகப் படிந்த மெல்லிய வண்டல், சுவர் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த உப்பு. இவைதான் தண்ணீர் நடந்த பாதை. கறையிலிருந்து தொடங்கி அந்தத் தடத்தைச் சாய்வில் மேல்நோக்கித் தேடிக்கொண்டே போக வேண்டும். தடம் எங்கே முடிகிறதோ, அந்த இடத்தின் வெளிப்பக்கம்தான் கோளாறு.

உள்ளே ஏறுகிறவர்கள் மரச்சட்டத்தின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். சீலிங் பலகை ஆள் பாரத்தைத் தாங்காது.

கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதி போடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டினால் ஒழுகல் உயிரோடு இருக்கிறது. தாண்டாவிட்டால் அது பழைய கறையாக இருக்கலாம். இன்னும் ஒன்றிரண்டு பலத்த மழை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மழையே இல்லாத நாளிலும் ஈரமாக இருக்கிறதே?

அப்படியானால் ஓடுகளைக் குறை சொல்ல வேண்டாம். நம் ஊர் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் சீலிங்குக்கு மேலேதான் இருக்கிறது. 100 கேலன் தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 455 லிட்டர், அதாவது அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. மிதவை வால்வு தேய்ந்து மூடாமல் போனால் மிகுநீர்க் குழாய் வழியாக வெளியே கொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்திருந்தாலோ கழன்றிருந்தாலோ தண்ணீர் சீலிங்கில்தான் இறங்கும். விடியற்காலையில் ஊரில் தண்ணீர்ப் புழக்கம் குறைந்து குழாய் அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் மட்டும் சொட்டினால் முதலில் வால்வைப் பாருங்கள்.

சோதனை சுலபம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். தொட்டி நிறைந்த பிறகும் முள் சுற்றினால் எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

தொட்டி சரியாக இருந்தால் அடுத்து ஏர்கோன். அதன் வடிகுழாயில் பாசி அடைத்தாலும், குளிர்குழாயைச் சுற்றிய பஞ்சுறை பிய்ந்து குழாய் வியர்த்தாலும், கறை கூரை ஒழுகல் மாதிரியேதான் இருக்கும். கூரையில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் குழாய் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

எல்லா மழைக்கும் ஒழுகுவதில்லை. சில மழைக்கு மட்டும்தான். ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பாதி விடையைக் கையில் வைத்திருக்கிறார். எந்த மழைக்கு ஒழுகுகிறது என்பதே பெரிய துப்பு.

ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள்களில் விடியும் முன்னே மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து திடீரென்று காற்றும் இடியுமாக ஒரு மழை வரும். வானிலைத் துறையில் அதைச் சுமத்ரா காற்றுமழை என்பார்கள். அது மழையைக் குறுக்கே அடிக்கும். ஓட்டின் மேல் ஓடு ஏறி உட்காரும் இடத்தில் தண்ணீரைச் சாய்வுக்கு எதிராக மேலே தள்ளும். மாலையில் நேராகக் கொட்டும் மழைக்கு ஒன்றும் ஆகாமல், விடியற்காலைக் காற்றுமழைக்கு மட்டும் மேற்குப் பக்கத்து அறை நனைந்தால், அங்கே ஓர் ஓடுகூட உடையாமல் இருக்கலாம். ஓடு கொஞ்சம் சரிந்து மேலேற்றம் குறைந்திருக்கும், அல்லது அடித்தாள் கிழிந்திருக்கும். ஓரத்து வீடுகளில் முக்கோணச் சுவரின் வெடிப்பு வழியாகத் தண்ணீர் வந்து கூரை ஒழுகல் என்று பெயர் வாங்குவதும் உண்டு. அங்கே பூச வேண்டியது சுவரை.

தூறலுக்கே சொட்டினால் நேரடி ஓட்டை, அநேகமாக உடைந்த ஓடு. சாதாரண மழையில் சும்மா இருந்துவிட்டு, பெருமழை அரை மணி நேரம் கொட்டிய பிறகு சுவரோரம் மளமளவென்று இறங்கினால் கட்டரோ, சரிவுகள் சேரும் பள்ளமோ நிறைந்து வழிகிறது. மழை நின்று பல மணி நேரம் ஆன பிறகும் ஈரம் கூடிக்கொண்டே போனால் கான்கிரீட் தளமோ சுவரோ தண்ணீரைக் குடித்து மெதுவாக விடுகிறது.

ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்துச் சோதிக்கலாமா?

தாராளமாக. மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முறை உண்டு. கூரையின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியாக, 10 முதல் 15 நிமிடம் வரை தண்ணீரை மழை மாதிரி விழவிட்டு மேலே போக வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருந்து சொட்டியதும் குரல் கொடுக்க வேண்டும். முகட்டில் தொடங்கினால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து எதுவும் தெரியாமல் போகும். பிரஷர் ஜெட் வேண்டாம். அது நல்ல கூரைக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும்.

ஓட்டுக் கூரையில் எந்த இடம் முதலில் கெடும்?

நடுக்கூரை அவ்வளவு சுலபத்தில் கெடாது. கான்கிரீட் ஓடும் களிமண் ஓடும் பல பத்தாண்டு தாங்கும். தண்ணீர் திரும்புகிற, சேருகிற, சுவரைத் தொடுகிற இடங்கள்தான் கெடும்.

முகட்டு ஓடுகளைப் பிடித்திருப்பது சிமெண்டுக் கலவை. பகலில் கை வைக்க முடியாத சூடு, மாலையில் திடீர் மழை. இப்படி நாளும் விரிந்து சுருங்கி அந்தக் கலவையில் மயிரிழை வெடிப்பு விழும். அதற்கு மேலே இன்னொரு பூச்சு சிமெண்டு வைத்தால் அடுத்த ஆண்டு அதே கோட்டில் வெடிக்கும். தளர்ந்த முகட்டு ஓட்டைக் கழற்றி, பழைய கலவையைத் தட்டி எடுத்து, புதிதாக உட்கார வைத்து, வெளிப்பக்கம் நெகிழும் தன்மையுள்ள முகட்டுப் பூச்சால் மூட வேண்டும்.

இரண்டு சரிவும் சந்திக்கும் பள்ளத்தில் ஒரு தகடு ஓடும். கூரையின் பெரும்பங்குத் தண்ணீர் அதில்தான் வருகிறது. அங்சானா மரம் பக்கத்தில் இருந்தால் இலையும், மைனா கட்டிய கூட்டின் குப்பையும் அதில் அடைத்து, தண்ணீர் இரு பக்கமும் ஓட்டுக்கு அடியில் ஏறும். சுத்தம் செய்தாலே நின்றுவிடும் ஒழுகல்கள் நிறைய. தகட்டில் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்துவிட்டால் ஒட்டுப்போட வேண்டாம். இரு பக்கமும் ஓடுகளை எடுத்துத் தகட்டையே மாற்றுங்கள். கடலோரத்தில், தஞ்சோங் தோக்கோங் முதல் பத்து பெரிங்கி வரையிலும் பட்டர்வொர்த் கரையிலும், உப்புக் காற்றுக்குச் சாதாரணத் தகடு சீக்கிரம் போய்விடும். அங்கே ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குச் செலவழிப்பது வீணல்ல.

கூரை சுவரில் முட்டும் இடம் அடுத்தது. பல தாமான்களில் அங்கே வெறும் சிமெண்டைச் சரிவாகப் பூசி விட்டிருக்கிறார்கள். சுவர் ஒரு மாதிரி அசையும், கூரை வேறு மாதிரி அசையும். நடுவில் நிற்கும் சிமெண்டு பிளந்துகொள்ளும். சரியான வேலை பிளாஷிங் தகடு. சுவரில் ஏறக்குறைய ஓர் இன்ச் ஆழத்துக்குக் கோடு வெட்டி, தகட்டின் மேல் ஓரத்தை அதற்குள் மடித்துச் செருகி, பியூ சீலன்டால் (நெகிழும் பாலியூரித்தேன் பசையால்) அடைத்து, கீழ் ஓரத்தை ஓட்டின் மேல் படியவிட வேண்டும். சுவரின் முகத்தில் தகட்டை ஒட்டி மேலே சிலிக்கோன் இழுத்துவிட்டுப் போவது வேலையே அல்ல. வெயிலில் சிலிக்கோன் பிரிந்ததும் சுவரில் வழியும் தண்ணீர் முழுவதும் தகட்டின் பின்னால் இறங்கும்.

கட்டரைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அடைத்த கட்டர் கூரையை மட்டும் கெடுப்பதில்லை. அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதார அதிகாரிகள் 500 ரிங்கிட் வரை அபராதம் போடலாம்.

ஓர் ஓடு உடைந்திருக்கிறது. நாமே மாற்றலாமா?

ஒற்றை மாடி வீடு, உறுதியான ஏணி, காய்ந்த கூரை, கீழே ஏணியைப் பிடிக்க ஆள், இவை எல்லாம் இருந்தால் மாற்றலாம். மேல் வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கி, உடைந்ததை உருவி, புதியதைச் செருகி, அதன் அடிக்கொக்கி குறுக்குச் சட்டத்தில் மாட்டியதா என்று பார்க்க வேண்டும். அதே அச்சில் வந்த ஓடாக இருக்க வேண்டும். வேறு கம்பெனி ஓடு பார்க்க ஒன்று போலிருந்தாலும் பள்ளமும் மேடும் பொருந்தாது. நடக்கும்போது ஓட்டின் கீழ் ஓரத்தில், சட்டம் தாங்கும் இடத்தின் மேல் கால் வையுங்கள். நடுவில் மிதித்தால் ஒன்றை மாற்றப்போய் நான்கை உடைப்பீர்கள். இரண்டு மாடி வீடென்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஏர்கோன்காரர், டிஷ் பொருத்த வந்தவர், சோலார்காரர் யார் ஏறி இறங்கினாலும் அந்த வாரமே சீலிங்குக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நல்ல கூரைகள் உடைவது இவர்கள் காலடியில்தான் அதிகம்.

பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டினோம். சேரும் இடத்தில் எத்தனை முறை அடைத்தாலும் ஒழுகுகிறது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. காரணம் பெரும்பாலும் கூரையில் இல்லை, தரையில் இருக்கிறது. வீட்டைக் கட்டியவர் தூண்களைப் பைலிங் (மண்ணில் ஆழமாக இறக்கிய கம்பங்கள்) மேல் நிறுத்தியிருப்பார். பின்னால் நீட்டிய சமையலறை பெரும்பாலும் மேலோட்டமான அடித்தளத்தில்தான் நிற்கும். பினாங்கில் கடலோரத் தாழ்நிலமும் செபராங் பிறையின் பழைய வயல் நிலமும் இளகின மண். புதுப் பகுதி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் இறங்கும், பழைய வீடு அப்படியே நிற்கும். இரண்டும் சேரும் கோட்டில் எந்தச் சிமெண்டை வைத்தாலும் பிளக்கத்தான் செய்யும்.

சுவரில் சேரும் கோட்டைப் பாருங்கள். வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் புதுப் பகுதி வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் குறி வைத்து, இடைவெளியைச் சில மாதம் அளந்து பாருங்கள். அகலம் கூடிக்கொண்டே போனால் கூரைக்காரரை விட்டுவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

அசைவு நின்றுவிட்டது, அல்லது மிகக் குறைவு என்றால், அந்த இணைப்பை அசைய விடுகிற மாதிரி மூட வேண்டும். பழைய சுவரில் செருகிய தகடு ஒன்று, அதற்குக் கீழே புதுக் கூரையோடு சேர்ந்த தகடு ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று படியும், ஆனால் ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைக்காமல். கீழ்ப் பகுதி சற்று இறங்கினாலும் மேல் தகடு மறைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு தவறும் இங்கே சகஜம். வீட்டின் பின்பக்கக் கூரைத் தண்ணீர் முழுவதும் முன்பு தரைக் கால்வாயில் விழுந்தது. இப்போது அது புதுச் சமையலறையின் கூரை மேல் கொட்டி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கட்டரில் போகிறது. பெருமழையில் அது போதாது. கட்டரை அகலமாக்கி, இறங்குகுழாய் ஒன்றை இரண்டாக்கினால் பல வீடுகளில் பிரச்சினை தீரும். அனுமதி வாங்காமல் நீட்டியிருந்தால் அதையும் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம்.

கார் நிறுத்தும் இடத்தின் தகரக் கூரை சொட்டுகிறது.

ஸ்குரூவைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்குரூத் தலைக்கும் அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். வெயிலில் அது காய்ந்து நொறுங்கி, விரலால் தொட்டாலே கருப்புத் தூளாக உதிரும். தலையைச் சுற்றித் துருவட்டம் தெரிந்தால் அதுதான் இடம். அதன் மேல் சிலிக்கோனைக் குவிக்காமல், ஸ்குரூவைக் கழற்றி ஒரு சுற்றுப் பருமனான புது ஸ்குரூவை வாஷரோடு போடுங்கள். ரொம்ப இறுக்கினால் வாஷர் பிதுங்கும், தளர விட்டால் தண்ணீர் போகும். ஒன்று போயிருந்தால் அதே வயதுடைய மற்றவையும் போகும் தறுவாயில்தான் இருக்கும், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கான்கிரீட் தளத்தின் அடியில் வெடிப்பும் வெள்ளைக் கறையும் இருக்கிறது. அடியில் பூசினால் போதுமா?

போதாது. தண்ணீர் மேலிருந்து வருகிறது, மேலேதான் தடுக்க வேண்டும். அடியில் பூசினால் தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே நின்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். கான்கிரீட் சில்லு உதிர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்திருந்தால் வாட்டர்புரூஃபிங்குக்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும்.

முதலில் வடிகால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். தளத்தில் மழை நின்ற மறுநாளும் தண்ணீர் தேங்கியிருந்தால் சாய்வு சரியில்லை. சாய்வைத் திருத்தாமல் மேலே எதைப் பூசினாலும் அதன் ஆயுள் குறைவுதான். பழைய பூச்சைச் சுரண்டி, வெடிப்பை வெட்டித் திறந்து நிரப்பி, தளமும் சுவரும் சேரும் மூலையைச் சிமெண்டால் சரிவாக மழுக்கி, மெம்பிரேன் என்ற நீர்த்தடுப்பு விரிப்பை அல்லது வலைத்துணி வைத்த பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரம்வரை ஏற்ற வேண்டும். ஒழுகல் தொடங்குவது பெரும்பாலும் அந்த மூலையில்தான், அங்கேதான் அவசரப்படுகிறார்கள். முடிந்த பிறகு துளையை அடைத்து, ஓர் இன்ச் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் உயரமாகக் கட்ட வேண்டாம். இரண்டு இன்ச் தண்ணீரே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை.

ஹார்ட்வேர் கடையில் வாளியில் விற்கும் பூச்சு வேலை செய்யுமா?

காய்ந்த, சுத்தமான, அசையாத பரப்பில் செய்யும். ஈரத்தின் மேல், பாசியின் மேல், அசையும் வெடிப்பின் மேல் பூசினால் சில மாதத்தில் தோலாக உரியும். ஓட்டுக் கூரை முழுவதும் அதைப் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். ஓடுகளுக்கு நடுவில் தண்ணீர் வெளியேற வேண்டிய இடுக்கையும் அது அடைத்துவிடுகிறது.

எந்த மாதத்தில் கூரை வேலையை வைத்துக்கொள்ளலாம்?

தைப்பூசத்தை ஒட்டி. பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் மழை குறைந்த மாதங்கள். செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்தவை. நம்மவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போதுதான் சீலிங் கறை கண்ணில் படும். கூரைக்காரரோ மழையால் ஏற முடியாமல் இருப்பார். கறைக்கு மேல் வெள்ளைச் சாயம் அடித்துப் பண்டிகையைக் கொண்டாடிவிட்டால், விருந்தாளி வந்திருக்கும்போதே கறை மறுபடி மேலே வரும். கறையோடு தீபாவளி கொண்டாடினாலும் பரவாயில்லை, தை பிறந்ததும் கூரையைச் சரிசெய்து, சீலிங் நன்றாகக் காய்ந்த பிறகு கறை தடுக்கும் அடிப்பூச்சு அடித்துச் சாயம் பூசுங்கள்.

பிளாட்டில் இருக்கிறோம். மேல் வீட்டிலிருந்து ஒழுகுகிறது, அவர் கதவையே திறப்பதில்லை.

சண்டைக்குப் போகாதீர்கள், நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஸ்திராத்தா (அடுக்குமாடி வீட்டுரிமை) நிர்வாகச் சட்டம் 2013, அதன் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கின்றன. சீலிங்கில் ஈரம் தெரிந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை, குறை மேல் வீட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும். புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த 5 நாளுக்குள் காரணத்தையும் பொறுப்பாளியையும் குறிப்பிட்டு படிவம் 28இல் சான்றிதழ் தர வேண்டும். மேல் வீட்டுக்காரர் பொறுப்பு என்றால் அவர் 7 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

நிர்வாகம் அசையாவிட்டால் உங்கள் மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் போகலாம். ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கும்.

கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு: கூரை பொதுச் சொத்து. அதைப் பழுதுபார்ப்பது நீங்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணத்தின் வேலை. சொந்தக் காசில் ஆள் பிடிக்காதீர்கள்.

புது வீடு. சாவி வாங்கி ஓர் ஆண்டுதான் ஆகிறது.

எதையும் தொடாதீர்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளை டெவலப்பர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் அறிவித்தால் 30 நாள் அவகாசம். படம், தேதி, கடிதத்தின் நகல் மூன்றையும் வைத்திருங்கள். அதற்குள் நீங்களே ஆள் வைத்துக் கூரையைக் கிளறினால், குறை உங்கள் ஆளால் வந்தது என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள்.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு எங்களுடையது. ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரம் போடலாமா?

2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. லெபோ பசார், லெபோ குவீன் எல்லாம் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. அங்கே கூரையை மாற்றுவதற்கு முன் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த மெல்லிய களிமண் ஓடுகளை அடுக்கடுக்காகப் படிய வைத்த கூரை சூட்டைக் குறைக்கும், ஈரத்தை ஆவியாக விடும். ஒழுகல் பெரும்பாலும் ஓட்டிலிருந்து வருவதில்லை. நடு முற்றத்தைச் சுற்றியுள்ள கட்டரும், இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சுவரின் தலைப்பூச்சும், சுவரில் வேர்விட்ட ஆலங்கன்றும்தான் காரணம். கன்றை வெறுமனே பிடுங்கினால் வேர் உள்ளே இருந்து மறுபடி தளிர்க்கும், வேரோடு எடுத்துச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். பழைய சுவரில் கெட்டிச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல் பொடியும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விரிசல். அடைக்கலாமா?

அதை வெட்டுவதும் துளைப்பதும் பாசியை உலரத் தேய்ப்பதும் ஆபத்து. கிளம்பும் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பழைய தகடு ஆள் எடை தாங்காமல் பொடிந்தும் போகும். தற்காலிகமாகத் தார்ப்பாய் போடுங்கள், பிறகு பழக்கமுள்ளவர்களை வைத்து நனைத்து, முழுத் தகடாகவே கழற்றுங்கள். சாதாரணக் குப்பையில் அதைச் சேர்க்கக் கூடாது.

காப்புறுதி கிடைக்குமா?

வெறும் தீ காப்புறுதியில் கிடைக்காது. வீட்டு உரிமையாளர் காப்புறுதியில் பொதுவாகப் புயல்காற்று, வெள்ளம், தொட்டி நிறைந்து வழிதல், குழாய் வெடித்தல் ஆகியவை அடங்கும். 2017 நவம்பர் 4, 5இல் பினாங்கை உலுக்கிய புயல்மழை போன்ற ஒன்றில் கூரை பறந்தால் கோரலாம். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து ஒழுகுவதற்குத் தர மாட்டார்கள். அதனால்தான் கூரை நன்றாக இருக்கும்போதே சில படங்கள் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

ஆளைக் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை சொல்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

சீலிங்குக்குள் ஏறிப் பார்க்காமல், கீழே நின்று கறையைப் பார்த்தே விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று அவர் நினைக்கிறார், ஏன் அப்படி நினைக்கிறார் என்று கேளுங்கள். படத்தோடு காட்டத் தெரிந்தவர் வேலையும் தெரிந்தவர். சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

விலைப்பட்டியலில் என்ன பொருள், எத்தனை பூச்சு, எத்தனை அடி தகடு, சாரம் யார் கட்டுவது, குப்பையை யார் அள்ளுவது என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். "கூரை ஒழுகல் பழுதுபார்ப்பு" என்று ஒரே வரியில் மொத்த விலை போட்டவரோடு பிறகு வாதாட முடியாது. ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்றால் எதற்கு, பொருளுக்கா வேலைக்கா என்று எழுதி வாங்குங்கள். ஓடுகளைத் திரும்ப அடுக்கி மூடுவதற்கு முன்பு உள்ளே போட்ட தகட்டையும் தாளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசித் தவணையை வேலை முடிந்த அன்றே கொடுக்காமல், ஒரு பலத்த மழை பெய்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.